நாலு அங்குலம் இறங்கிய வண்டி

டைல்ஸ் கடைக்காரர் வீட்டை விட்டுப் போய் எழுபத்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அந்தக் கணக்கை அவருடைய மனைவி கடிகாரத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"வெளியூர் வேலைன்னு ஒரு பையைத் தூக்கிட்டுப் போனாரு. ராத்திரியானா ஒரு மெசேஜ். 'சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா.' அதோட போனை அணைச்சிடறாரு. போலீஸ்ல சிரிக்கிறாங்க மேடம். சாப்பிட்டியான்னு கேக்கற புருஷனைக் காணோம்னு எப்படிம்மா எழுதறதுன்னு."

ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அந்தத் துப்பறியும் அலுவலகத்தில் நாற்காலிகள் மொத்தம் மூன்று. ஒன்றில் வந்தவள், சொந்தமாகப் பார்லர் நடத்துகிறவள். எதிரில் துப்பறிகிறவள், கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்து, மாணவர்களைவிட மனிதர்கள் புரிந்துகொள்ள எளிது என்று இந்த வேலைக்கு வந்தவள். மூன்றாவதில் அத்தான்.

அத்தான் என்றால் துப்பறிகிறவளுக்குத்தான் அத்தான். அக்காவின் கணவர். டிரைவிங் ஸ்கூலில் பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். வேலை போனாலும் பழக்கம் போகவில்லை. சோபாவில் உட்கார்ந்து டி.வி. பார்க்கும்போதும் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. "இந்த மனுஷனை எங்கயாவது கூட்டிட்டுப் போடி, என் கார்ப்பெட் கிழியுது" என்று அக்காவே தங்கையிடம் தள்ளிவிட்டிருந்தாள். அவர் இங்கே கொண்டு வந்தது வாயை மட்டும்தான்.

"அவர் இன்னொருத்திகிட்ட போயிருப்பாருன்னு ஏன்க்கா நினைக்கிறீங்க?" என்றாள் துப்பறிகிற மச்சினி.

"வண்டியை இறக்கிட்டாரு."

"வித்துட்டாரா?"

"ஐயோ, இல்ல மேடம். இறக்கிட்டாரு. உயரத்தைக் குறைச்சுட்டாரு."

அவள் கைபேசியை நீட்டினாள். படத்தில் கறுப்பு நிறத்தில் ஏழு பேர் உட்காரும் பெரிய எஸ்.யூ.வி. கம்பெனி கொடுத்த சக்கரங்களைக் கழற்றிவிட்டு, பளபளவென்று ராட்சத அலாய் வீல் போட்டிருந்தது. அத்தான் வாயைப் பிளந்தார்.

"இது வண்டியா, மாடி வீடா?"

"நானும் அதேதான் கேட்டேன், அண்ணே. நாலு வருஷமா ஏறி இறங்கி இடுப்பு உடைஞ்சுது. 'ஒரு படி வச்சுக் குடுங்க, கால் வச்சு ஏறிக்கறேன்'னு கெஞ்சினேன். 'படி வச்சா லுக்கு போயிடும்'னாரு." அவள் குரல் இறங்கியது. "எனக்காக ஒரு படி வைக்கல. இப்ப எவளுக்காகவோ வண்டியையே இறக்கிட்டாரு. அது யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. சண்டைக்கெல்லாம் போக மாட்டேன். தெரிஞ்சுட்டா போதும்."

அத்தானிடம் அந்த நேரத்துக்கென்று ஒரு ஜோக் இருந்தது. அவள் கண்ணைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டார்.

*

வண்டி அவளுடைய குடியிருப்பின் கீழே நின்றிருந்தது. மூன்றாவது மாடி வீடு, லிஃப்ட் கிடையாது. அவள் சாவி எடுக்க மேலே போய்வர வெகு நேரமாயிற்று.

அதற்குள் அத்தான் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையவில்லை.

"பயில்வானைக் குழந்தை நாற்காலில திணிச்ச மாதிரி இருக்கு. மச்சினி, இது பைத்தியக்கார வேலை. வண்டி தாழணும்னா முதல்ல இந்தப் பூத வீலைக் கழற்றி, பழைய சின்ன வீலை மாட்டணும். பைசா செலவில்லாம ரெண்டு அங்குலம் தானா இறங்கும். இவரு வீலை அப்படியே வச்சுக்கிட்டு ஸ்ப்ரிங்கைக் குறைச்சிருக்காரு. பள்ளத்துல விழுந்தா டயர் மட்கார்டைக் கடிக்கும்."

"கடிச்சிருக்கே" என்றாள் மச்சினி. அவள் தரையில் மண்டியிட்டு முன் சக்கரத்துக்கு மேலே டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள். கறுப்பு பிளாஸ்டிக்கில் ஒரு பிறை வடிவத் தேய்ப்பு. "இடது பக்கம் மட்டும். வலது பக்கம் சுத்தமா இருக்கு."

"ஓட்டறவர் வலது பக்கம். அப்ப இடது பக்கம் அவரைவிட கனமா யாரோ."

"கனமாவா, அடிக்கடியா?"

"என் அனுபவத்துல ரெண்டும் ஒண்ணுதான். உங்க அக்காவைக் கேளு."

சாவி வந்தது. அவள் ஒரு கையால் சுவரைத் தொட்டபடி வந்தாள். இடது காலின் செருப்பு வழியில் கழன்றுவிட்டது. "புதுச் செருப்பு, சனியன்" என்று திட்டிக்கொண்டே திரும்பிப் போய்ப் போட்டுக்கொண்டாள்.

முன் இருக்கையின் கதவைத் திறந்ததும் எதையோ குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதுபோல விரலை நீட்டினாள்.

"பாருங்க."

கறுப்பு உறை மேல் வெள்ளைத் தூள். சீட் பெல்ட்டில் எதையோ இறுக்கிக் கட்டிய மடிப்பு.

"பவுடர். அதுவும் ரொம்ப மட்டமான பவுடர் மேடம். கரகரன்னு இருக்கு. என் பார்லர்ல இதை வாசல்லயே விட மாட்டேன். ரசனையாவது இருக்கற பொம்பளையா பார்த்திருக்கக் கூடாதா!"

மச்சினி ஒரு சிட்டிகைத் தூளைத் தண்ணீர் பாட்டில் மூடியில் போட்டாள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குச்சியால் குழைத்து, மூடியை அத்தான் கையில் கொடுத்தாள்.

"ஆட்டாம பிடிச்சுக்கங்க."

"பிரசாதமா?"

"சாட்சி." பிறகு திரும்பி, "அக்கா, ஒரு நிமிஷம் இந்த சீட்ல உட்காருங்களேன்" என்றாள்.

"எவளோ உட்கார்ந்த சீட்ல நான் உட்கார மாட்டேன்."

"சரி, பக்கத்துல நில்லுங்க. சீட்டுக்கு முதுகைக் காட்டி."

அவள் நின்றாள். இருக்கையின் விளிம்பு அவளுடைய இடுப்புக்குச் சற்றுக் கீழே, ஒட்டினாற்போல வந்து நின்றது. கொஞ்சம் பின்னால் சாய்ந்தால் போதும். கால் தரையிலிருந்து எழாமலே உட்கார்ந்துவிடலாம். மச்சினி அதைப் பார்த்தாள். பார்த்த இடத்திலேயே கண் நின்றுவிட்டது. அத்தானுக்கு அது ஏன் என்று அப்போது புரியவில்லை.

"இறக்கினது எந்தப் பட்டறைன்னு தெரியுமா?"

"தெரியும். நானும் வரேன். வேண்டாம்னு சொல்லாதீங்க."

*

போக்குவரத்து நெரிசலில் அத்தானின் சின்னக் கார் ஊர்ந்தது. பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மூடியில் இருந்த குழம்பு கல்லாகியிருந்தது. அத்தான் அதைக் கவிழ்த்துத் தட்டினார். விழவில்லை.

"மச்சினி, இதை முகத்துல பூசிக்கிட்டா சிரிக்கக்கூட முடியாது."

"டைல்ஸ் இடுக்குல பூசற மாவு அத்தான். தண்ணி பட்டா இறுகிடும்."

டைல்ஸ் கடைக்காரரின் மனைவி டைல்ஸ் மாவைப் பார்த்து முகப்பவுடர் என்று நினைத்திருக்கிறாள். நாள் முழுக்க முகங்களையே பார்க்கிறவள். சந்தேகமும் சேர்ந்துகொண்டால் வேறென்ன தெரியும் என்று அத்தான் நினைத்தார். பின் சீட்டில் அவள் அந்த மூடியை வாங்கி நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பவுடர் பொய்யாகிப் போனதில் அவளுக்கு நிம்மதியா ஏமாற்றமா என்று அவளுக்கே தெரியவில்லைபோல.

பட்டறைக்காரர் வாய்க்காரர். மார்பில் கிரீஸ் கை அடையாளத்தோடு வந்து, வண்டியின் படத்தைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"இந்த வண்டியா? இதை நான் பண்ணினேன்னு வெளிய சொல்லிடாதீங்க. என் பேரு கெட்டுடும். வீலை மாத்துங்க சார், பாதி வேலை மிச்சம்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். கேட்டாத்தானே!"

"ஏன் மாத்தலையாம்?"

"'வீலைக் கழட்டினா ஏன்னு கேள்வி வரும். வீல் அப்படியே இருந்து வண்டி மட்டும் இறங்கினா, வயசானவனுக்கு ஸ்டைல் கேக்குதுன்னு நினைச்சுக்கிட்டு விட்டுடுவாங்க'ன்னாரு."

"யாரு கேள்வி கேப்பா?" என்று நடுவில் புகுந்தாள் பார்லர்க்காரி. "நான்தான் கேப்பேன். என் கண்ணுல மண்ணைத் தூவத்தான் இவ்வளவும்."

பட்டறைக்காரர் அவளைப் பார்த்தார்; பிறகு அத்தானைப் பார்த்தார். ஆமாம், அவர் மனைவிதான் என்று அத்தான் கண்ணாலேயே சொன்னார். பட்டறைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"நாலு அங்குலம் இறக்கியும் பத்தலைன்னு சீட்டையும் கழட்டி, அடியில இருந்த சட்டத்தைக் குறைக்கச் சொன்னாரு. ஒரு கால்படி வச்சா தீர்ந்துது, இனாமாவே தரேன்னேன். 'படியில ஏறக் கால் தூக்கணுமே'ன்னாரு."

"கால்கூடத் தூக்க மாட்டாளா அந்த மகாராணி?"

அவள் சொன்னது பட்டறை முழுக்கக் கேட்டது. மச்சினி அவள் பக்கம் திரும்பவில்லை.

"மாவு மூட்டை?" என்று கேட்டாள்.

"ஆமா! அது உங்களுக்கு எப்படித் தெரியும்? மூணு மூட்டை. முன் சீட்ல அடுக்கி, பெல்ட்டைப் போட்டு, ஊர்ல இருக்கற பள்ளத்துலயெல்லாம் விட்டு ஓட்டிட்டு வருவாரு. டயர் எங்க கடிக்குதுன்னு பார்ப்பாரு. திரும்பத் திரும்பச் சரி பண்ணச் சொல்வாரு. 'அவ உட்கார்ந்திருக்கும்போது ஒரு சத்தம் வரக் கூடாது'ம்பாரு. அறுபது கிலோ சரியா இருக்கணும். இன்னொரு மூட்டை வைங்க சார், தாராளமா டெஸ்ட் பண்ணலாம்னேன். 'அவ அவ்வளவு இல்ல. இன்னும் குறையும்'னாரு."

அத்தானால் அடக்க முடியவில்லை. "தங்கச்சி, நல்ல சேதி. உங்க வீட்டுக்காரரோட ஊர் சுத்தினது மூட்டைதான். இடுப்பே கிடையாது."

பார்லர்க்காரிகூட ஒரு நொடி சிரித்துவிட்டாள். சிரித்த வாயிலேயே அழுகை வந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

மச்சினி சிரிக்கவில்லை.

"கடைசியா எப்ப வந்தாரு?"

"வரல. போன்தான் பண்ணினாரு. எவர்சில்வர் குழாயை வளைச்சுக் கைப்பிடி மாதிரி செஞ்சு கேட்டாரு. நேத்து நானே கொண்டு போய் இறக்கினேன். ஏரிக்கரைத் தெருவுல, கடைசியில ஒரு தரைத்தள வீடு."

"வீடா?" என்றாள் பார்லர்க்காரி. "வீடே பார்த்துக் குடுத்துட்டாரா?"

அவள் விறுவிறுவென்று காரை நோக்கி நடக்கப் பார்த்தாள். விறுவிறுப்பு குரலில் இருந்த அளவுக்குக் காலில் வரவில்லை.

அத்தான் மச்சினியை ஓரம்கட்டினார். "யாருன்னு தெரிஞ்சுடுச்சா?"

"தெரிஞ்சுடுச்சு."

"யாரு அந்த மகாராணி?"

"அத்தான், காருல ஏறுங்க. ஏறிட்டுக் கண்ணாடியில பாருங்க."

அவர் ஏறினார். பின்னால் பார்க்கும் கண்ணாடியைச் சரி செய்வதுபோலத் திருப்பினார். பார்லர்க்காரி பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் உள்ளே, இன்னொன்று வெளியே. வெளியே இருந்த இடது காலை, முழங்காலுக்குக் கீழே இரண்டு கையாலும் பிடித்து, ஒரு சாமானை எடுத்து வைப்பதுபோலத் தூக்கி உள்ளே வைத்தாள். தான் அப்படிச் செய்வது அவளுக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை. முகம் சன்னல் பக்கம் இருந்தது. உதடு ஏதோ சண்டையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது.

கார் நின்றுகொண்டுதான் இருந்தது. இருந்தும் அத்தானின் வலது கால் பிரேக்கை அழுத்தியது.

சந்து முனையில் சிக்னலுக்காக நின்றபோது, அவர் உதடு பிரியாமல் மச்சினியிடம் கேட்டார். "திரும்பிடலாமா? ஏதாவது பொய் சொல்லிக்கலாம். எனக்கு நல்லா வரும்."

"கேட்டது அவங்க அத்தான். பதில் அவங்களுக்குச் சொந்தம்."

அதற்குப் பிறகு வழியில் அத்தான் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

*

ஏரிக்கரைத் தெருவின் கடைசியில் டைல்ஸ் கடையின் லோடு வண்டி நின்றிருந்தது. வாசலில் படி இல்லை. இருந்த படியை உடைத்து, சிமெண்டால் சரிவாகப் பூசியிருந்தார்கள். பூச்சு இன்னும் ஈரமாக இருந்ததால் மேலே ஒரு பலகை போட்டிருந்தது. உள்ளே டைல்ஸ் அறுக்கும் இயந்திரம் அலறிக்கொண்டிருந்தது.

பார்லர்க்காரி யாருக்கும் காத்திருக்கவில்லை. பலகை மேல் நடந்து உள்ளே போனாள். நடைவழியில் கால் மடங்கியது. கை தானாகச் சுவரைத் தேடியது. சுவருக்குப் பதில் ஒரு குழாய் கையில் சிக்கியது. நடைவழி நெடுகிலும் எவர்சில்வர் கைப்பிடி ஓடியது. அவள் அதைப் பிடித்துக்கொண்டே ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள். கட்டில் இல்லை, பாத்திரம் இல்லை, துணி காயவில்லை. மூலையில் ஒரு பாய், ஒரு பை, தண்ணீர் பாட்டில்.

இயந்திரம் நின்றது. குளியலறை வாசலில் டைல்ஸ் கடைக்காரர் மண்டியிட்டிருந்தார். தலை, புருவம், தாடி எல்லாம் வெள்ளைத் தூள். மூன்று நாளில் மூப்பு வந்துவிட்ட முகம்.

"எங்க அவ?" என்றாள்.

"யாரு?"

"யாருக்காக வண்டியை இறக்கினீங்களோ, அவ. யாருக்காக இந்த வீடோ, அவ. வரச் சொல்லுங்க. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். பார்த்துட்டுப் போயிடறேன்."

அவர் அவளுக்குப் பின்னால் நின்ற இருவரையும் பார்த்தார். மச்சினி மெதுவாகச் சொன்னாள்.

"சார், நான் துப்பறியும் வேலை செய்யறவ. அக்காதான் என்னை வச்சாங்க. கண்டுபிடிச்சதை அவங்ககிட்ட சொல்லியே ஆகணும். ஆனா அதை நான் சொல்றதைவிட நீங்க சொன்னா நல்லா இருக்கும்."

"வேணாம்மா" என்றார் அவர். இரண்டு கையையும் கூப்பிவிட்டார். கை இடுக்கிலிருந்து தூள் உதிர்ந்தது. "ஒரு வாரம் குடுங்க. இந்த பாத்ரூமை முடிச்சிடறேன். வழுக்காத டைல்ஸ். ஆளை வச்சா ஊருக்கே தெரிஞ்சிடும்னுதான் நானே ஒட்டறேன். முடிச்சிட்டு நானே கூட்டிட்டு வந்து..."

"யாரைக் கூட்டிட்டு வந்து?" என்றாள் மனைவி.

அவர் வாசலைவிட்டுச் சற்று ஒதுங்கினார்.

அவள் குளியலறைக்குள் எட்டிப் பார்த்தாள். கழிப்பறைக்கு இரண்டு பக்கமும் பிடிகள். குழாயடியில் உட்கார்ந்து குளிக்கச் சுவரோடு ஒரு மேடை. கண்ணாடி, ஆள் நின்றால் மார்புக்கு வரும்படித் தாழ்வாக மாட்டியிருந்தது. அவளுடைய தொழில் பழகிய கண், கண்ணாடியின் உயரத்தில் நின்றது. பிறகு மெல்லத் தன் கையைப் பார்த்தாள். கை இன்னும் அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"எனக்கா?" என்றாள்.

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"எனக்கு வைட்டமின் குறைவுதானே? டாக்டர் அப்படித்தானே சொன்னாரு?"

"டாக்டர் உன்கிட்ட எங்க சொன்னாரு? உன்னை வெளிய உட்காரச் சொல்லிட்டு என்கிட்டதானே பேசினாரு. வைட்டமின்னு உன்கிட்ட சொன்னது நான்."

"கால் வராமப் போயிடுமா?"

ஆமாம் என்று அவர் தலையை ஆட்டினார்.

டைல்ஸ் பெட்டி ஒன்று சுவரோரம் இருந்தது. அவள் குழாயை விடாமல் அதன் மேல் உட்கார்ந்தாள். அத்தான் முன்னே போகக் காலெடுத்தார். மச்சினி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

பார்லர்க்காரி தலையை நிமிர்த்தினாள். கண் நிறைந்திருந்தது. ஆனால் வாய் சிரித்தது.

"அதுக்கா மூணு நாளா ஓடி ஒளிஞ்சீங்க? நான் என்னென்னவோ நினைச்சு... மனுஷனா நீங்க? இந்தத் தூளைப் பார்த்துட்டு ராத்திரி முழுக்க எவளோ ஒருத்தியைத் திட்டினேன். அவளுக்குப் புடவைகூடக் கட்டத் தெரியாதுன்னு திட்டினேன்." மூக்கை உறிஞ்சினாள். "கால்தானே? போனாப் போகட்டும். உசரமான நாற்காலி ஒண்ணு வாங்கிக் குடுங்க. உட்கார்ந்துக்கிட்டே புருவம் திருத்துவேன். உட்கார்ந்துக்கிட்டே முடி வெட்டுவேன். கை இருக்குல்ல? என் பொழைப்பே கைதானே?"

அவள் கையை அவர் முன்னால் நீட்டி விரல்களை விரித்துக் காட்டினாள்.

டைல்ஸ் கடைக்காரர் அந்தக் கையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அதைத் தன் இரண்டு கைக்குள் வைத்து மூடிக்கொண்டு, குனிந்து, நெற்றியை அதன் மேல் வைத்தார். முதுகு குலுங்கியது.

அத்தான் மச்சினியைத் திரும்பிப் பார்த்தார். அவள் முகம் வெளுத்திருந்தது. அவள் கண்டுபிடித்தது கால் வரைக்கும்தான் என்று அவருக்குப் புரிந்தது.

"என்னங்க" என்றாள் மனைவி. சிரிப்பு இன்னும் முகத்தைவிட்டுப் போகவில்லை; எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. "இன்னும் என்ன? எதுவா இருந்தாலும் இப்பவே சொல்லிடுங்க. இன்னொரு தடவை என்னால ஆள் வச்சுக் கண்டுபிடிக்க முடியாது."

அவர் நிமிரவில்லை. அவளுடைய கைக்குள்ளேதான் சொன்னார்.

"கையும் போயிடும்னாரும்மா டாக்டர். அப்புறம் பேச்சு. கடைசியில மூச்சு. ரெண்டு வருஷம்னு சொன்னாரு. அதுக்கு மேல நீ இருக்க மாட்டேன்னு சொன்னாரு."